கற்றல் பயணம் போன பிள்ளை வீட்டுக்கு என்ன கொண்டு வருது?

பிடோக் வட்டாரத்துல இருந்துகிட்டு கோயில் தொண்டூழியம் செய்யற நாங்க சில பேரு சேர்ந்து எழுதற பதிவு இது. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, அன்னதானப் பாத்திரம் கழுவற நேரத்துலதான் எங்க பேச்செல்லாம் நடக்கும். கொஞ்ச நாளா ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம். பதிவு நீளம்தான், பொறுமையா படிங்க.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்துல இருந்து பிள்ளைங்களை லிட்டில் இந்தியாவுல இருக்கிற இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் கற்றல் பயணம் கூட்டிட்டுப் போறாங்க. அதுக்கு ஒப்புதல் படிவம் வருது. நம்ம பெற்றோர் சில பேரு அதைப் பார்த்துட்டுச் சொல்றது: "தேக்காவுக்குத்தான் மாசம் ரெண்டு தடவை காய்கறி வாங்கப் போறோமே, அதுக்கு ஒரு பள்ளி நாள் வீணாகணுமா? அந்த நேரத்துல ரெண்டு கணக்கு போட்டா தேர்வுக்கு ஆகும்."

இந்தப் பேச்சைக் கேட்டுட்டு நாங்க சும்மா இருக்க முடியல. இந்தப் பயணம் கண்டிப்பா நடக்கணும்ங்கறது எங்க கருத்து. ஆனா இப்ப நடக்கற மாதிரி நடந்தாப் போதாதுங்கறதும் எங்க கருத்துதான். ரெண்டையும் சேர்த்தே சொல்றோம்.

தேக்காவுக்குப் போறது வேற, தேக்காவைப் பார்க்கறது வேற

கேகே மருத்துவமனையையே எடுத்துக்குங்க. நம்ம வயசுக்காரங்கள்ல எத்தனை பேரு அங்க பொறந்தவங்க! 1966ல ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட 40 ஆயிரம் குழந்தைங்க பொறந்து உலக சாதனை ஆன இடம் அது. அந்த 'கேகே' எதைக் குறிக்குதுன்னு உங்க பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க. கண்டாங் கெர்பாவ். மலாய்ல எருமைத் தொழுவம்னு அர்த்தம். அந்தப் பக்கம் ஒரு காலத்துல மாட்டு வியாபாரம் பெருசா நடந்துச்சு. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடுன்னு இன்னிக்கும் பேரு அப்படியே நிக்குது. மாடு வந்ததால மாட்டை மேய்க்கறவங்க, பால் கறக்கறவங்க, தீவனம் விக்கறவங்க வந்தாங்க. அவங்க பின்னாடி மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வந்துச்சு. லிட்டில் இந்தியா உருவானதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அதே கெர்பாவ் ரோட்டுல கலர் கலரா ஒரு பழைய வீடு இருக்கே, எல்லாரும் முன்னாடி நின்னு படம் எடுப்பாங்களே, அது 1900ல கட்டின சீனர் வீடு. டான் டெங் நியாங்கற வியாபாரியோடது. அவருக்கு அந்தப் பக்கம் மிட்டாய்த் தொழிற்சாலை இருந்துச்சு. அப்ப லிட்டில் இந்தியான்னா நம்ம ஆளுங்க மட்டும் இருந்த இடம் இல்லைன்னு பிள்ளைக்குத் தானா விளங்கும்.

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலை முன்னாடி சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்னு சொல்லுவாங்க. சுண்ணாம்புச் சூளையில வேலை பார்த்த மக்கள் கும்பிட்ட அம்மன். ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப அக்கம்பக்கத்துல இருந்த ஜனங்க அந்தக் கோயிலுக்குள்ள போய்த்தான் ஒதுங்கினாங்க. அர்ச்சனைத் தட்டோட நாம வருஷா வருஷம் போறோம். இந்தக் கதையைப் பிள்ளைக்கு யார் சொன்னது?

காய்கறி வாங்கப் போற அன்னிக்கு இதெல்லாம் சொல்ல நமக்கு நேரம் இருக்காது. கார் நிறுத்த இடம் தேடறதுலேயே பாதி நேரம் போயிடும். அதனாலதான் பள்ளிப் பயணம் வேணும்னு சொல்றோம்.

'கூலி'ங்கற ஒரு வார்த்தையோட நிறுத்திடக் கூடாது

எங்க மனசை உறுத்தற விஷயத்தை இப்ப சொல்றோம். தொடக்கநிலை அஞ்சு, ஆறு படிக்கிற நம்ம பிள்ளைங்ககிட்ட "நம்ம ஆளுங்க சிங்கப்பூருக்கு எதுக்கு வந்தாங்க?"ன்னு கேட்டா, நெறைய பேரு சொல்ற பதில் "கூலி வேலைக்கு". சொல்லும்போதே குரல் இறங்கிடுது. சில பிள்ளைங்க சிரிக்கும். பக்கத்துல வேற இனப் பிள்ளைங்க இருந்தா பேச்சை மாத்திடும்.

கூலி வேலைக்கு வந்தாங்கங்கறது உண்மைதான். அதுல என்ன வெக்கம்? ஆனா என்ன வேலை செஞ்சாங்க, எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்லாம விட்டா பிள்ளை மனசுல அந்த ஒரு வார்த்தைதான் தங்கும்.

1819ல ராஃபிள்ஸ் கூட பினாங்குல இருந்து வந்தவர் நாராயண பிள்ளை. தஞ்சோங் பகார்ல செங்கல் சூளை போட்டார். துணிக்கடை வெச்சார். அவர் முன்னின்னு 1827ல சவுத் பிரிட்ஜ் சாலையில எழுப்பின கோயில்தான் இன்னிக்கு நாம தீமிதிக்குப் போற ஸ்ரீ மாரியம்மன் கோயில். முதல்ல மரமும் அத்தாப்பும்தான். பிறகு செங்கல்.

1825ல இருந்து இந்தியக் கைதிங்களை இங்க கொண்டு வந்தாங்க. 1873 வரைக்கும் அவங்க உழைப்புலதான் இந்த ஊர்ல பாதி ரோடு போட்டாங்க, சதுப்பு நிலத்தைத் தூர்த்தாங்க. இன்னிக்கு அதிபர் இருக்கற இஸ்தானா அவங்க கட்டினது. சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்துல வெள்ளையா நிக்கற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவங்க கட்டினதுதான். அதோட சுவருக்குப் பூசினது மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறின தண்ணி ஊத்திக் குழைச்சு, பூசினதுக்கப்புறம் பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ப்பாங்க. நம்ம ஊரு கொத்தனார் பக்குவம் அது.

தொழிற்சாலையில ஆளுங்களை வெச்சு வேலை வாங்கற எங்கள மாதிரி ஆட்களுக்குத் தெரியும், ஒரு கலவையோட பக்குவம் கைக்கு வர எத்தனை மாசம் ஆகும்னு. படிச்சுத் தெரிஞ்சுக்கற விஷயம் இல்ல அது. பக்கத்துல நின்னு பார்த்து, தப்பா செஞ்சு, திட்டு வாங்கி, திரும்பச் செஞ்சு வர்றது. அப்படிப்பட்ட கைவேலை தெரிஞ்சவங்களை 'கூலி'ங்கற ஒரே வார்த்தையில முடிச்சுட்டா, இன்னிக்குக் கட்டுமானத்துல, கப்பல் பட்டறையில வேலை செய்யற நம்ம ஊழியர்களையும் பிள்ளைங்க அதே கண்ணாலதான் பார்க்கும். ஞாயித்துக்கிழமை தேக்காவுல கூட்டமா நிக்கற தம்பிங்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கற பிள்ளைக்கு, அதே மாதிரி வந்து நின்னவர்தான் உன் கொள்ளுத்தாத்தாவும்னு யாராவது சொல்லணும்.

இந்தப் பயணத்துல எங்களுக்கு முக்கியமாப் படறது இதுதான். வருஷமும் பேரும் மறந்து போனாப் பரவாயில்ல. தன் குடும்பம் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ல வெக்கப்படாத பிள்ளையா வளரணும்.

தாளை நிரப்பறதுலேயே நேரம் போயிடுது

இனி குறையைச் சொல்றோம். ஆசிரியர்களைக் குத்தம் சொல்ல எழுதல. நாப்பது பிள்ளைங்களை பஸ்ல ஏத்தி, எண்ணி, இறக்கி, மறுபடியும் எண்ணிக் கூட்டிட்டு வர்றது எவ்வளவு பெரிய வேலைன்னு கோயில் விழாவுல கூட்டத்தைச் சமாளிக்கற எங்களுக்கு நல்லாவே தெரியும்.

ஆனா எங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க போயிட்டு வந்து சொல்றதை வெச்சுப் பார்த்தா நடக்கறது இதுதான். கையில ஒரு தாள் கொடுப்பாங்க. அதுல பதினஞ்சு, இருபது கோடிட்ட இடம். பிள்ளைங்க விடையைத் தேடி ஓடும். ஒருத்தன் கண்டுபிடிச்சா மத்தவங்க எல்லாம் அவனைப் பார்த்து எழுதிக்கும். விளக்கப் பலகையைப் படிப்பாங்க, பொருளைப் பார்க்க மாட்டாங்க. கடைசியில வாசல்ல ஒரு குழுப்படம். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து "என்னடா பாத்த?"ன்னு கேட்டா, "ஏர்கான் நல்லா இருந்துச்சு தாத்தா."

தொழிற்சாலைக்குப் புதுசா ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்தா, முதல் நாளே எல்லா இயந்திரத்தையும் சுத்திக் காட்டினா அவர் தலையில ஒண்ணும் ஏறாது. ஒரு இயந்திரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போய் நிறுத்தி, "இதை மட்டும் அரை மணி நேரம் பாருங்க, என்ன சத்தம் வருது, எங்க சூடாகுது, எங்க கை வைக்கக் கூடாது"ன்னு சொன்னா வாழ்க்கைக்கும் மறக்க மாட்டார். அரும்பொருளகத்துக்கும் இது பொருந்தும்னு நாங்க நினைக்கறோம்.

இந்திய மரபுடைமை நிலையத்துல ஒரு செட்டிநாட்டு வாசக்கால் இருக்கு. ஆளை விட ரொம்ப உயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில செஞ்சது. அதுல சின்னச் சின்னதா 5,000 வேலைப்பாடு இருக்குன்னு சொல்றாங்க. அந்த ஒரு வாசக்கால் முன்னாடி பிள்ளைங்களைப் பத்து நிமிஷம் உக்கார வைங்க. என்னென்ன உருவம் தெரியுதுன்னு வரையச் சொல்லுங்க. இதைச் செதுக்க எத்தனை நாள் ஆகியிருக்கும், இவ்வளவு காசு செலவு பண்ணின செட்டியாருக்கு அது எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க. அங்க இருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிக்கும், வட்டிக்கடைக்கும், பர்மாவுக்கும், 1859ல செட்டியார்கள் எழுப்பின டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கும் பேச்சு தானா போகும். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கற பிள்ளைக்கு அது புதுக்கதை இல்ல, தன்னோட கதை.

ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள். இருபது கேள்விக்குப் பதிலா மூணு கேள்வி. பார்த்த பொருளைப் பத்தி மறுநாள் வகுப்புல தமிழ்ல ரெண்டு நிமிஷம் பேசணும். இது போதும். இன்னிக்குப் பாதிக்கு மேல இந்தியக் குடும்பங்கள்ல வீட்டுல அதிகம் பேசறது ஆங்கிலம்தான். பேசறதுக்கு ஒரு விஷயம் கொடுத்தாத்தான் பிள்ளை வாயில தமிழ் வரும்.

தமிழ்ப் பிள்ளைங்க மட்டும் போனாப் போதுமா?

இன்னொண்ணு. நாங்க பார்த்த வரைக்கும், இந்திய மரபுடைமை நிலையம்னா தமிழ் வகுப்புப் பிள்ளைங்களைத்தான் கூட்டிட்டுப் போறாங்க. சீனப் பிள்ளைங்க சீன வகுப்புப் பயணமா வேற இடம். மலாய்ப் பிள்ளைங்க வேற இடம். தாய்மொழிக்காகப் போற பயணம்னா அது சரிதான். ஆனா வருஷத்துல ஒரு தடவையாவது மாத்திப் போகணும்னு நாங்க சொல்றோம்.

நம்ம பிள்ளைங்க கம்போங் கிளாமுக்குப் போய் மலாய் மக்களோட கதையைக் கேக்கட்டும். பலஸ்தியர் பக்கம் இருக்கற சன் யாட் சென் நினைவு மண்டபத்துக்குப் போகட்டும். ஒரு வெளிநாட்டுப் புரட்சிக்கு இந்த ஊரு சீனத் தொழிலாளிங்க எப்படிக் காசு கொடுத்தாங்கன்னு பார்க்கட்டும். அதே மாதிரி சீனப் பிள்ளைங்களும் மலாய்ப் பிள்ளைங்களும் கேம்பல் லேனுக்கு வரட்டும்.

தெலுக் ஆயர் தெருவுல நடந்து பாருங்க. 1830 வாக்குல தென்னிந்திய முஸ்லிம் மக்கள் கட்டின நாகூர் தர்கா இருக்கு. கொஞ்ச தூரத்துல தியான் ஹோக் கெங் சீனக் கோயில். கடல் அப்ப அந்தத் தெரு ஓரம் வரைக்கும் இருந்துச்சு. கப்பல்ல உயிரோட வந்து சேர்ந்ததுக்கு ரெண்டு பேருமே அந்தக் கரையில நன்றி சொல்லியிருக்காங்க. இதைப் பார்த்த பிள்ளைக்கு இன நல்லிணக்கம்னா என்னன்னு தனியா பாடம் எடுக்க வேணாம்.

நம்ம கிழக்குப் பக்கத்தையும் விட்டுடாதீங்க

வரலாறுன்னா ஊருக்குள்ளதான் இருக்குன்னு நம்ம பிடோக் பிள்ளைங்க நினைச்சுக்கிட்டு இருக்கு. பிடோக்ங்கற பேரே மலாய் முரசுல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. தொழுகைக்குக் கூப்பிட அடிக்கற பெரிய முரசு. 1604ல ஒரு போர்ச்சுகீசியர் வரைஞ்ச வரைபடத்துலேயே பிடோக் ஆறு இருக்கு. ராஃபிள்ஸ் வர்றதுக்கு 200 வருஷம் முன்னாடி!

நாம காலையில நடக்கற பிடோக் நீர்த்தேக்கம் முன்னாடி மணல் எடுத்த குழி. 1960கள்ல இருந்து இந்தப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி மண்ணைக் கொண்டு போய்க் கடல்ல கொட்டினாங்க. அப்படி வந்ததுதான் ஈஸ்ட் கோஸ்ட் பார்க். நாம பார்பிகியூ போடற இடம் நம்ம அப்பா காலத்துல கடல். இதுக்கு பஸ்கூட வேணாம், பள்ளியில இருந்து நடந்தே காட்டலாம்.

சாங்கி தேவாலய அரும்பொருளகமும் நமக்குப் பக்கம்தான். 2021ல புதுப்பிச்சுத் திறந்தாங்க. அங்க போற பிள்ளைங்க வெள்ளைக்காரப் போர்க் கைதிங்க பட்ட கஷ்டத்தைப் பார்த்துட்டு வருது. பார்க்க வேண்டியதுதான். அதோட இதையும் சேர்த்துச் சொல்லணும்: 1942 பிப்ரவரி 15ல பிரிட்டிஷ்காரன் சரணடைஞ்சான். ரெண்டு நாள் கழிச்சு ஃபேரர் பார்க் திடல்ல சுமார் 40 ஆயிரம் இந்தியச் சிப்பாய்களைத் தனியா நிறுத்தி ஜப்பான்காரன் கையில ஒப்படைச்சாங்க. அங்க இருந்துதான் இந்திய தேசிய ராணுவத்தோட கதை ஆரம்பிக்குது. 1943ல நேதாஜி இங்க வந்தார். தோட்டத்துல பால் மரம் சீவிக்கிட்டு இருந்த நம்ம தமிழ்ப் பொண்ணுங்க ஜான்சி ராணிப் படையில சேர்ந்து துப்பாக்கி பிடிச்சாங்க. அதே காலத்துல மலாயாத் தோட்டத்துல இருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமா காட்டுலேயே செத்தாங்க. பேரு இல்ல, கல்லறை இல்ல. ஃபேரர் பார்க் திடல் மரபுடைமை நிலையத்துல இருந்து நடக்கற தூரம். பயணத்தோட சேர்த்து அந்தத் திடல்ல அஞ்சு நிமிஷம் பிள்ளைங்களை நிக்க வெச்சா என்ன?

பள்ளிக்கூடத்தை மட்டும் சொல்லிட்டு நாம ஒதுங்க முடியாது

எல்லாத்தையும் ஆசிரியர் தலையில கட்டறது நியாயம் இல்ல. பெற்றோருக்கும் நம்ம கோயில்களுக்கும் வேலை இருக்கு.

ஒண்ணு, பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரி பத்து நிமிஷம். "உன் தாத்தா எந்த ஊரு, எந்த வருஷம் வந்தார், என்ன வேலை பார்த்தார்?" இதை மட்டும் சொல்லி அனுப்புங்க. பழைய கடப்பிதழோ, அடையாள அட்டையோ, ஒரு படமோ இருந்தாக் காட்டுங்க. தன் வீட்டுக் கதை தெரிஞ்ச பிள்ளை அரும்பொருளகத்துல வேற மாதிரி பார்க்கும்.

ரெண்டு, நம்ம கோயில் பெரியவங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத் தூண்ல சாஞ்சு உக்காந்திருக்கற ஐயாக்களையும் அம்மாக்களையும் பாருங்க. செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பார்த்தவங்க இருக்காங்க. துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க இருக்காங்க. 1982ல மூடின உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில முழுக்கத் தமிழ்லயே படிச்சவங்க இருக்காங்க. சாரங்கபாணி ஐயா 1935ல ஆரம்பிச்ச தமிழ் முரசை எழுத்துக்கூட்டிப் படிச்சே தமிழ் கத்துக்கிட்டவங்க இருக்காங்க. இவங்க பக்கத்துல உக்காந்து ஒரு கேள்வி கேக்க நம்ம பிள்ளைங்களுக்கு நேரம் இல்ல. வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரை நாம மயானத்துக்குக் கொண்டு போயிட்டு வர்றோம். அவங்களோட அந்தக் கதையும் சேர்ந்தே போயிடுது. தேசிய ஆவணக் காப்பகத்துல 1979ல இருந்து வாய்மொழி வரலாறு பதிவு செய்யறாங்க. அவங்க எல்லாரையும் தேடி வர முடியாது. கைப்பேசி நம்ம எல்லார் கையிலயும் இருக்கு, நாம பதிவு செய்யலாமே.

மூணு, பள்ளிக்குத் துணைக்கு ஆள் வேணும்னா நாங்க வர்றோம். நாப்பது பிள்ளைக்கு ரெண்டு ஆசிரியர் போதாது. அஞ்சு பிள்ளைக்கு ஒரு பெரியவர் இருந்தா ஓட்டமும் இருக்காது, கேள்விக்குப் பதிலும் கிடைக்கும். லீவு போட்டுட்டு வரத் தயாரா எங்ககிட்ட ஆள் இருக்கு.

தேர்வு இருக்கே, நேரம் இல்லையேன்னு சொல்ற பெற்றோருக்கு: உங்க கவலை எங்களுக்குப் புரியுது, நாங்களும் பிள்ளைங்களை வளர்த்தவங்கதான். ஆனா தேர்வு முடிஞ்ச பிறகும் அந்தப் பிள்ளை இந்த ஊர்ல அறுபது எழுபது வருஷம் வாழப் போகுது. 'நீ யாரு, எங்க இருந்து வந்த?'ன்னு கேக்கறவங்க நடுவுல வாழப் போகுது. அதுக்கு ஒரு பதில் கையில இருக்கணும். அதுக்காக ஒரு காலைப் பொழுது அதிகம் இல்ல.

செலவும் பெருசு இல்ல. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் போகாதீங்க, மூடியிருக்கும். பிடோக் நார்த்துல, இல்லேன்னா பிடோக் ரிசர்வோர் நிலையத்துல டவுன்டவுன் தடத்துல ஏறினா ரயில் மாறாம நேரா லிட்டில் இந்தியாவுல இறங்கலாம். பள்ளி கூட்டிட்டுப் போகலேன்னா நாமளே கூட்டிட்டுப் போகலாம்.

அதனால வர்ற பள்ளி விடுமுறையில ஒரு ஞாயித்துக்கிழமை, காலை பூஜைக்கு அப்புறம், பிள்ளைங்களையும் பெரியவங்களையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். ஒரு பெரியவருக்கு ரெண்டு பிள்ளை. தாளும் கிடையாது, கோடிட்ட இடமும் கிடையாது. பிள்ளை ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கணும், பெரியவர் அதைப் பத்தித் தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லணும். தெரியலேன்னா ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சுக்கணும். முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு தேத்தண்ணி, வடை, அது எங்க செலவு.

வர விருப்பம் இருக்கறவங்க கோயில்ல எங்களைப் பார்த்துப் பேரு கொடுங்க. எந்தக் கோயில், எந்த மதம், எந்த இனம்னு பார்க்க மாட்டோம். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளை வந்தாலும் சந்தோஷம். ஆசிரியர் யாராவது இதைப் படிச்சா, "இது எங்களால முடியும், இது முடியாது"ன்னு ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லுங்க, கேட்டுக்கறோம்.

மத்தவங்க உங்க வீட்டுத் தாத்தா பாட்டி எந்த ஊர்ல இருந்து, எந்த வருஷம், என்ன வேலைக்கு வந்தாங்கன்னு கீழ ஒரு வரி எழுதுங்க. தெரியலேன்னா இன்னிக்கு ராத்திரியே வீட்டுல கேட்டுட்டு எழுதுங்க.